கையில் துப்பாக்கி, தலைக்கு மேல் வாத்து

அமெரிக்காவின் அர்க்கன்சாஸ் மாநிலத்தில் ஸ்டட்கார்ட் என்று ஒரு சின்ன ஊர். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள் வைத்த பெயர். சுற்றிலும் நெல் வயல். ஊர்க்காரர்கள் அதை 'உலகத்தின் வாத்துத் தலைநகரம்' என்று சொல்லிக்கொள்வார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. அறுப்பு முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லுக்கும், தண்ணீர் தேங்கிய ஓக் காட்டில் உதிரும் கொட்டைகளுக்கும் ஆசைப்பட்டு, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வாத்துகள் கூட்டம் கூட்டமாக அங்கே வந்து இறங்கும். 1936 முதல் அந்த ஊரில் வாத்து போலக் கூவும் போட்டி நடக்கிறது. விரல் நீளக் குழல் ஒன்றை வாயில் வைத்து, வானத்தில் போகும் பறவையைக் கீழே கூப்பிடுகிற வித்தை அது. ஜெயித்தவருக்கு ஊரில் நம் ஜல்லிக்கட்டு வீரருக்குக் கிடைக்கும் மரியாதை.

2004-ல் இந்த மாநிலத்தின் நேஷனல் கார்டு படையான 39-வது காலாட்படை பிரிகேடு இராக்குக்குப் போனது. நேஷனல் கார்டு என்பது முழுநேர ராணுவம் அல்ல. விவசாயி, மெக்கானிக், பள்ளி ஆசிரியர் என்று ஊரில் பிழைப்பைப் பார்த்துக்கொண்டே பயிற்சிக்குப் போய்வருகிறவர்கள்; கூப்பிட்டால் போருக்குப் போக வேண்டும். பாக்தாதுக்கு வடக்கே, டைகிரிஸ் ஆற்றை ஒட்டிய தாஜி முகாமில் சுமார் ஓராண்டு இருந்தார்கள். அர்க்கன்சாஸிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வந்த படையில் வாத்து வேட்டைக்காரர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? நவம்பர் முதல் ஜனவரி வரை ஊரில் நடந்த சீசன் அவர்களுக்குப் போயே போய்விட்டது.

ஆனால் வாத்து போகவில்லை. அது டைகிரிஸ் மேலேயும் பறந்துகொண்டிருந்தது.

வாத்துகளைப் பொறுத்தவரை உலகத்தின் வடபாதி ஏறக்குறைய ஒரே நாடு. அர்க்கன்சாஸில் வேட்டைக்காரர்கள் 'பச்சைத்தலை' என்று கொண்டாடும் ஆண் மல்லார்ட் வாத்துதான் டைகிரிஸிலும் குளிர்காலத்தில் வந்து இறங்குகிறது. அதே இனம், அதே பளபளக்கும் பச்சைத் தலை, கழுத்தில் அதே வெள்ளை வளையம். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் அப்படித்தான். இவை இரண்டையும் நாம் பள்ளிக்கரணையிலும் கோடியக்கரையிலும் பார்க்கிறோம், அர்க்கன்சாஸ்காரரும் பார்க்கிறார், இராக்கின் பாஸ்ரா ஊர்க்காரரும் பார்க்கிறார். பறவைகள் வரும் வழி மட்டும் வேறு. அர்க்கன்சாஸுக்கு வருவது கனடாவின் புல்வெளிக் குட்டைகளில் பொரித்த குஞ்சு. இராக்குக்கு வருவது மேற்கு சைபீரியாவிலும் கசகஸ்தானத்திலும் பொரித்தது. வடக்கே தண்ணீர் உறைந்ததும் இரண்டும் தெற்கே கிளம்பும். காலண்டரும் ஒன்றே. ஊரில் முதல் வாத்துக் கூட்டம் வரும் அதே வாரங்களில் இராக்கிலும் வரும்.

அதனால்தான் வீட்டு நினைப்பு வேறு எதைவிடவும் இதில் கூர்மையாகக் குத்தும். சாப்பாடு வேறு, மொழி வேறு, மண்ணின் நிறம் வேறு. விடியற்காலை காவல் கோபுரத்தில் நிற்பவனுக்குத் தலைக்கு மேலே விர்ரென்று ஒரு சிறகுச் சத்தம் மட்டும் அச்சு அசலாக ஊர்ச் சத்தம்.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் அங்கேதான் சுவாரசியம் தொடங்குகிறது. கிளுவையை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்கு அடக்கமான சின்ன வாத்து. ஆணுக்குச் செம்பழுப்புத் தலை, கண்ணைச் சுற்றிப் பச்சைப் பட்டை. அமெரிக்கக் கிளுவையின் ஆணுக்கு மார்புக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு செங்குத்தாக நிற்கும். ஆசியக் கிளுவைக்கு அந்தக் கோடு இல்லை. பதிலாகச் சிறகு மடிந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு படுத்துக் கிடக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். சாதாரண ஆளுக்கு இரண்டும் ஒன்று. ஆனால் பத்து வயதிலிருந்து அப்பாவோடு சேற்றில் உட்கார்ந்து, மங்கல் வெளிச்சத்தில் பறவையின் இனம் பார்த்துச் சுடப் பழகியவனுக்கு, கோடு நிற்கிறதா படுத்திருக்கிறதா என்பது உடனே உறுத்தும். அமெரிக்காவில் எந்த இனத்தில் எத்தனை சுடலாம் என்று சட்டத்தில் கணக்கு உண்டு. தவறான வாத்தைச் சுட்டால் அபராதம். அதனால் அங்கே நல்ல வேட்டைக்காரன் என்றால் பெரும்பாலும் நல்ல பறவை நோக்கரும்தான்.

அப்புறம், ஊரில் பார்க்கவே முடியாதவையும் உண்டு. கஷ்கொட்டை நிறத் தலையும் வெண்ணெய் நிற நெற்றியும் கொண்ட ஐரோப்பிய விஜன் என்ற வாத்து அமெரிக்காவில் எப்போதாவது வழிதவறி வரும் விருந்தாளி. இராக்கில் அது வழக்கமாக வருவது. நம் வடமொழிக் காவியங்களில் இரவில் ஜோடியைப் பிரிந்து புலம்பும் சக்கரவாகம், ஆரஞ்சு நிற உடம்போடு ஆற்றங்கரையில் மேயும். புள்ளிபுள்ளியாய் வெளிறிய 'மார்பிள் கிளுவை' உலகத்திலேயே குறைந்துவரும் வாத்து. அதற்கு இராக்கின் சதுப்பு நிலங்கள்தான் முக்கியமான புகலிடங்களில் ஒன்று.

அந்தச் சதுப்பு நிலங்களின் கதை தனி. தெற்கு இராக்கில் டைகிரிஸும் யூப்ரடீசும் சேரும் இடத்தில் பதினைந்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் நாணலும் தண்ணீருமாகக் கிடந்த பூமி. 1991-ல் சதாம் உசேனுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சிக்காரர்கள் அதற்குள் ஒளிந்ததும், அரசு கால்வாய் வெட்டித் தண்ணீரைத் திருப்பியது. பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய 90 சதவீதம் வறண்டு உப்புத்தரை ஆனது. 2003-ல் அரசு விழுந்ததும் ஊர் மக்களே மண்வெட்டியை எடுத்துக் கரைகளை உடைத்துத் தண்ணீரை உள்ளே விட்டார்கள். நாணல் திரும்ப முளைத்தது, பறவை திரும்ப வந்தது. 2016-ல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆக, வெளிநாட்டுப் படைகள் இராக்கில் இருந்த அதே ஆண்டுகளில்தான் வாத்துகளும் பழைய வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

சரி, கையில் துப்பாக்கி இருக்கிறது, தலைக்கு மேல் வாத்து இருக்கிறது. சுட வேண்டியதுதானே?

முடியாது. அமெரிக்கப் படைகளுக்கு 'பொது ஆணை எண் 1' என்று ஒன்று உண்டு. 1990-ல் வளைகுடாப் போருக்காகச் சவூதியில் இறங்கியபோது பிறந்து, பிறகு இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் திருத்தங்களோடு தொடர்ந்தது. மது கூடாது, சொந்தத் துப்பாக்கி கூடாது, நினைவுப் பொருள் என்று எதையும் சுருட்டக் கூடாது. நாயோ பூனையோ காட்டு விலங்கோ, வளர்க்கவும் கூடாது, தீனி போடவும் கூடாது. ரொட்டித் துண்டை வாத்துக்கு எறிந்தால்கூட ஆணை மீறல்தான்! இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் காரணம் சிரிப்பானதல்ல. வெறிநோய் பயம், உள்ளூர் மக்களோடு வம்பு வரக் கூடாது என்ற கவலை, ஒழுங்கு. கொடுக்கும் தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, போர் நடக்கும் இடத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் பக்கத்து முகாமே எழுந்து நிற்கும். கால்வாய்க் கரையில் உள்ளூர்க்காரர் ஒருவர் தன் பழைய துப்பாக்கியால் வாத்தைச் சுட்டாலும், கேட்பவனுக்கு முதலில் அது தாக்குதல்தான்.

2006 ஜனவரியில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. இராக்கின் குர்திஷ் பகுதியில், டுகான் ஏரிப் பக்கம் இருக்கும் ரானியா ஊரில், ஒரு பதின்வயதுப் பெண் எச்5என்1 பறவைக் காய்ச்சலில் இறந்துபோனாள். வலசை வரும் நீர்ப்பறவைகள் மீது எல்லோருக்கும் சந்தேகம் விழுந்தது. அதற்குப் பிறகு வாத்தைத் தொடுவதே ஆபத்து என்று ஆகிவிட்டது.

வாத்து வேட்டைக்காரன் காட்டில் செய்வதை யோசித்தால் இந்த நிலைமையின் விநோதம் இன்னும் புரியும். இருட்டோடு எழுவான். முகத்தில் கரி பூசுவான். நாணலுக்குள் பதுங்குகுழி மாதிரி ஒரு மறைவிடம் கட்டி, அசையாமல் உட்கார்ந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான். தண்ணீரில் பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டிருப்பான். பறவையைக் காட்டிப் பறவையைப் பிடிக்கும் இந்த உத்திக்குப் பழந்தமிழில் 'பார்வை' என்று அழகான பெயர் உண்டு. ராணுவத்தில் அவன் செய்வதும் ஏறக்குறைய இதுதான்: அதே இருட்டு, அதே பதுங்குகுழி, அதே காத்திருப்பு. வாத்து வந்தால் மட்டும் விரல் விசையைத் தொடக் கூடாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. விமான ஓடுதளம். ஜெட் இன்ஜினுக்குள் ஒரு வாத்து போனால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க விமானப்படை கசப்பாகக் கற்றது. 1995 செப்டம்பர் 22 அன்று அலாஸ்காவின் எல்மன்டார்ஃப் தளத்திலிருந்து எழும்பிய இ-3 ரேடார் விமானம் கனடா வாத்துக் கூட்டத்தில் மோதி விழுந்தது. உள்ளே இருந்த 24 பேரும் இறந்தார்கள். அதனால் இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் தளங்களில் பறவை விரட்ட ஆட்கள் இருந்தார்கள். அமெரிக்க வேளாண் துறையின் வனவிலங்கு நிபுணர்களும் அங்கே அனுப்பப்பட்டார்கள். வெடி வெடிப்பார்கள், குட்டையை வடிப்பார்கள், புல்லை ஒழுங்கு செய்வார்கள். வேறு வழியில்லை என்றால் சுடுவார்கள். ஊரில் எதை விளையாட்டாகச் செய்தார்களோ அதையே இங்கே உத்தியோகமாகச் செய்யலாம். ஆனால் சமைக்க முடியாது. மோதிய பறவையின் மிச்சத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஸ்நார்ஜ்'. அதைத் துடைத்து உறையில் போட்டு வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே இறகின் நுண்ணமைப்பையும் மரபணுவையும் பார்த்து, இது இன்ன பறவை என்று சொல்லிவிடுவார்கள்.

இதற்கு நேர்மாறான காலமும் இருந்தது. முதல் உலகப் போரில் இதே டைகிரிஸுக்குப் பிரிட்டிஷ் இந்தியப் படை போனது. 'டி படை' என்று பெயர். அதிகாரிகள் பெட்டியோடு சொந்த வேட்டைத் துப்பாக்கியையும் கொண்டுபோன காலம் அது. வாத்துச் சூப்பும் கௌதாரி வறுவலும் முகாம் சாப்பாட்டுக்கு மாற்று. அவர்களில் பலர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் உறுப்பினர்கள். சுட்டதைத் தின்றதோடு நிற்கவில்லை. தோலை உரித்து, பஞ்சு அடைத்து, சீட்டில் தேதியும் இடமும் எழுதிப் பம்பாய்க்கு அனுப்பினார்கள். இராக்கின் பறவைகளைப் பற்றிய முதல் விரிவான பட்டியல் 1920களின் தொடக்கத்தில் அந்தக் கழகத்தின் இதழில் வந்தது. அதற்கு அடிப்படை, 1915 முதல் 1919 வரை படையினர் சேர்த்த மாதிரிகளும் குறிப்புகளும். ஒரு நாட்டைப் பிடிக்கப் போன படை அந்த நாட்டின் பறவைகளுக்குக் கணக்கெடுத்துவிட்டு வந்தது. அந்தப் படையில் நம்மவர்களும் இருந்தார்கள். 'தம்பிகள்' என்று செல்லப்பெயர் பெற்ற மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் பிரிவினர் அங்கே பாலம் கட்டினார்கள். இதழில் இருப்பவை என்னவோ அதிகாரிகளின் பெயர்கள். தட்டைவாயனை ஊர்க் கண்மாயில் பார்த்து வளர்ந்த ஒரு தம்பி டைகிரிஸ் கரையில் அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பான் என்று யோசிக்க எனக்குப் பிடிக்கும்.

வெளியூர்ச் சிப்பாய் பறவையைச் சுட்டு உள்ளூர்க்காரன் கோபப்பட்ட கதையில் நம் ஊரே பழைய சாட்சி. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டுப் பக்கம் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டியிருந்த பறவைகளைச் சுட்டார்கள். அங்கே கூடு கட்டுவது வாத்து அல்ல. நாரை, கொக்கு, நீர்க்காகம், அரிவாள்மூக்கன். ஊர் மக்கள் நேரே கலெக்டரிடம் போய் நின்றார்கள். காரணம் பறவைப் பாசம் மட்டுமல்ல. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் வயலுக்கு உரம். பறவை போனால் விளைச்சல் போகும். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் அந்த ஊருக்குக் கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்தார்: இங்கே யாரும் பறவையைச் சுடக் கூடாது. வேட்டைக்காரச் சிப்பாயின் கையைக் கட்டிய பழைய ஆணைகளில் இதுவும் ஒன்று. ஆனால் இது மேலே இருந்து வந்த ஆணை அல்ல. வயலில் நின்றவர்கள் கேட்டு வாங்கியது. என்னைக் கேட்டால், பொது ஆணை எண் 1-ஐவிட இதற்கு மதிப்பு அதிகம்.

ஜெர்மனியிலும் இப்படி ஒரு திருப்பம். 1945-ல் தோற்ற ஜெர்மானியர்களிடமிருந்து வேட்டைத் துப்பாக்கி உட்பட எல்லாவற்றையும் நேச நாடுகள் பறித்துக்கொண்டன. அமெரிக்கச் சிப்பாய்கள் ராணுவத் துப்பாக்கியோடு காட்டுக்குள் இஷ்டத்துக்கு வேட்டையாடினார்கள். நிலைமை மாற சில ஆண்டுகள் ஆயின. பிறகு ஜெர்மானிய வேட்டைச் சட்டம் வந்தது, அமெரிக்கச் சிப்பாயும் அதற்குக் கட்டுப்பட வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அங்கே பணியில் இருப்பவர் வேட்டைக்குப் போக வேண்டும் என்றால் வகுப்பில் உட்கார்ந்து படித்து, பரீட்சை எழுதி, சுட்டுக் காட்டி, ஜெர்மானிய உரிமம் வாங்க வேண்டும். காடு ஒருவர் குத்தகையில் இருக்கும். சுட்ட வாத்து சுட்டவருக்குச் சொந்தமில்லை, குத்தகைக்காரருக்கு. கறி வேண்டும் என்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். வேட்டை முடிந்ததும் விழுந்ததையெல்லாம் தரையில் வரிசையாகக் கிடத்தி, கொம்பு ஊதி மரியாதை செய்வார்கள். சுட்டதை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பழகிய அர்க்கன்சாஸ்காரருக்கு இது கோயில் சடங்கு மாதிரி இருந்திருக்கும்.

கொரியாவில் வேறு மாதிரி. 1953 போர்நிறுத்தத்துக்குப் பிறகு இரு கொரியாக்களுக்கும் நடுவே 4 கிலோமீட்டர் அகலத்துக்கு ஆள் நடமாட்டம் இல்லாத பட்டை ஒன்று உருவானது. கண்ணிவெடிகளுக்கு நடுவே நாணலும் குட்டையும் தாமாக வளர்ந்தன. பக்கத்துச் சொர்வோன் சமவெளி வயல்களில் சிந்திய நெல்லைத் தேடி குளிர்காலத்தில் காட்டு வாத்துகளும் செந்தலைக் கொக்குகளும் வருகின்றன. மனிதன் துப்பாக்கியோடு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்பதால்தான் அங்கே பறவைக்கு நிம்மதி.

வேட்டைக்கும் போருக்கும் நடுவே பொருள்களும் போய் வந்திருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரைன் படையினர் பசிபிக் தீவுகளில் போட்ட தவளைத்தோல் போன்ற புள்ளி உடையை வடிவமைத்தவர் தோட்டக்கலை எழுத்தாளரான நார்வல் கில்லெஸ்பி. போர் முடிந்ததும் அந்தத் துணி வேட்டைக்காரர்களிடம் போய்ச் சேர்ந்து 'வாத்து வேட்டைக்காரன்' என்றே பெயர் வாங்கியது. பிறகு வியட்நாமில் அமெரிக்கச் சிறப்புப் படையினரும் அவர்கள் பயிற்சி கொடுத்த உள்ளூர்ப் படையினரும் அதே பெயரோடு அதைத் திரும்பப் போட்டார்கள். ராணுவத்திலிருந்து சேற்றுக்குப் போய், சேற்றிலிருந்து மறுபடி ராணுவத்துக்கு.

குறி வைப்பதும் அப்படித்தான். பறக்கும் வாத்தைச் சுடுபவன் வாத்தைப் பார்த்துச் சுடமாட்டான்; குண்டு போய்ச் சேரும்போது வாத்து எங்கே இருக்குமோ அந்த வெற்று வானத்தைப் பார்த்துச் சுடுவான். விமானத்தை விமானம் சுடுவதும் அதே கணக்கு. பிரிட்டிஷ் விமானி ஜானி ஜான்சன் 34 விமானங்களை வீழ்த்தியவர். சின்ன வயதிலேயே வேட்டைத் துப்பாக்கி பழகியவர். அமெரிக்க விமானப் படை தன் குண்டுவீச்சு விமானத் துப்பாக்கிக்காரர்களுக்குப் பயிற்சியை வானில் எறியும் களிமண் தட்டுகளைச் சுடச் சொல்லித்தான் தொடங்கியது. ஓடும் லாரியில் நிற்கவைத்தும் சுடவைத்தார்கள்.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தவர் பீட்டர் ஸ்காட். தென்துருவத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் இறந்த காப்டன் ஸ்காட்டின் மகன். இளமையில் இங்கிலாந்தின் கடலோரச் சேற்றில் வாத்துகளைச் சுட்டுத் தள்ளியவர். அவற்றையே படமாகவும் வரைந்தார். போர்க்காலத்தில் கடற்படையில் சேர்ந்து 'புரோக்' என்ற கப்பலுக்கு வெளிறிய வண்ணம் பூசினார். மங்கல் வெளிச்சத்தில் எந்த நிறம் வானத்தோடு கரையும் என்பது வாத்துக்காகப் பதுங்கியவனுக்குத் தெரியாதா? பிறகு பல கப்பல்கள் அந்த வண்ணத்துக்கு மாறின. போர் முடிந்த மறு ஆண்டே, 1946-ல், ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைகளுக்கான அறக்கட்டளையைத் தொடங்கினார். பின்னாளில் வேட்டையையே விட்டுவிட்டார்.

எல்லோரும் விட்டுவிடவில்லை, விட வேண்டும் என்றும் யாரும் எதிர்பார்க்கவில்லை. அமெரிக்காவில் 16 வயது நிரம்பிய வாத்து வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 25 டாலர் கொடுத்து 'வாத்து முத்திரை' வாங்க வேண்டும். 1934-ல் ஒரு டாலருக்குத் தொடங்கியது. அந்தக் காசில் ஏறக்குறைய முழுவதும் சதுப்பு நிலங்களை வாங்கிக் காப்பதற்குப் போகிறது. சுடுகிறவனே செலவும் செய்கிறான். நமக்கு இது ஒட்டாத கணக்கு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் இன்று காட்டு வாத்தைச் சுடுவது குற்றம். அவர்களுக்கு இது பரம்பரைக் கணக்கு.

2019 மார்ச்சில் அமெரிக்காவில் சட்டமான ஒரு பெரிய இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் சின்னதாக ஒரு பிரிவு உண்டு. முன்னாள் படையினருக்கும் பணியில் இருப்பவர்களுக்கும் மட்டும், வழக்கமான சீசனுக்கு வெளியே இரண்டு நாள் வாத்து வேட்டைக்கு மாநிலங்கள் அனுமதி தரலாம். அன்றைக்கும் விதி விதிதான். சூரியன் உதிக்க அரை மணி நேரத்துக்கு முன்னால் தொடங்கலாம். ஈயக் குண்டு கூடாது, இரும்பு மாதிரி நஞ்சில்லாத குண்டுதான். துப்பாக்கிக்குள் ஒரு மரக்குச்சியை அடைத்து, மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி செய்திருக்க வேண்டும். இராக்கில் அதே ஆள் நெஞ்சில் கட்டிக்கொண்டு நடந்தது ஏழு மேகசினில் 210 தோட்டா.